311 நானோமீட்டர் கைவிளக்கு: அம்மாவின் சொரியாசிஸுக்கு மூன்று மாதம் பயன்படுத்திய அனுபவம்

அம்மாவின் முழங்கைகளிலும் பின்னந்தலையிலும் உள்ள சொரியாசிஸ் திட்டுகளுக்காக, தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, குறும்பட்டை (மிகக் குறுகிய அலைநீள எல்லைக்குள் மட்டும் ஒளிரும்) புற ஊதாக் கைவிளக்கு ஒன்றை வாங்கி மூன்று மாதமாகப் பயன்படுத்தி வருகிறோம். சில நிமிட ஒளிக்காக வாரம் மூன்று நாள் பேருந்தில் மருத்துவமனைக்குப் போய் அரை நாளைக் கழித்துத் திரும்பும் அலைச்சல் நின்றதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

தலைமுடி உலர்த்தும் கருவியின் அளவில் ஒரு கைப்பிடி, அதனுள் 9 வாட் குழல்விளக்கு, முகப்பில் மாட்டிக்கொள்ளச் சீப்புப் பற்கள், கருவி இவ்வளவுதான். அம்மாவின் முடியை அந்தப் பற்கள் வகிடு வகிடாக விலக்கி ஒளியைத் தோல்வரை விடுகின்றன. விளக்குக்கும் தோலுக்கும் இடையிலான தூரமும் அதனால் மாறுவதில்லை. தூரம் மாறினால் தோலில் விழும் ஒளியின் அளவும் மாறிவிடும் என்பதால், முழங்கைக்கும் சீப்பைக் கழற்றாமலே பிடிக்கிறேன்.

ஒளியின் அலைநீளத்துக்கு வேறு எண் இருக்க ஏன் 311 நானோமீட்டர் என்று தேடியபோதுதான் ஜான் பாரிஷ் என்ற மருத்துவரின் பணி எனக்குத் தெரியவந்தது. வியட்நாம் போர்முனையில் மருத்துவராக இருந்த இவர், பின்னர் ஹார்வர்டில் ஒளி மருத்துவத்தையே தம் துறையாக்கிக்கொண்டார். 1974இல் ஃபிட்ஸ்பாட்ரிக், பதக் உள்ளிட்ட ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தோலை ஒளிக்கு எளிதில் வினைபுரியச் செய்யும் சொராலன் மருந்தை உட்கொள்ளச் செய்து புற ஊதா ஏ (அலைநீளம் கூடிய புற ஊதா வகை) ஒளியைப் பாய்ச்சும் 'பூவா' முறை சொரியாசிஸைத் தணிக்கும் என்று காட்டினார். (வெண்புள்ளிக்கு நம் நாட்டு மருத்துவம் கையாளும் கார்போகரிசியிலும் சொராலன் உண்டு.) பலன் பெரிதாக இருந்தாலும், மாத்திரையால் குமட்டல், சிகிச்சை நாளெல்லாம் கண்ணுக்குக் காப்பு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் அபாயம் ஆகியவையும் உடன் வந்தன. பாரிஷ் அதோடு நிற்கவில்லை என்பதே என்னை ஈர்த்தது. 1981இல் யேனிக்கே என்பவருடன் சேர்ந்து, புற ஊதா ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துத் திட்டுகளின் மேல் செலுத்திப் பார்த்தார். 290 நானோமீட்டரும் அதற்குக் குறைந்தவையும் தோலைச் சிவக்கச் செய்தனவே தவிரத் திட்டைக் குறைக்கவில்லை. 313 நானோமீட்டரோ தோல் சிவக்காத அளவிலேயே பலன் தந்தது. அந்த இடத்தை ஒட்டி, 311 நானோமீட்டர் அளவில் மட்டும் ஒளிரும் குழல்விளக்கு 1980களில் வந்தது. மாத்திரை தேவைப்படாத சிகிச்சை அதனால் கைகூடியது. அம்மாவின் கைவிளக்கும் அந்த வழியில் வந்ததுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நேரம் முடிந்ததும் ஒலிக்கும் மணி மிக மெல்லியது. மின்விசிறி ஓடினால் கேட்பதில்லை. பெட்டியில் ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடிதான் இருந்தது; விளக்கைப் பிடிப்பவரின் கண்ணுக்கும் காப்பு தேவை என்பதால் இன்னொன்றைத் தனியாக வாங்கினோம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதும், "தோல் சிவந்தால் நிறுத்தவும்" என்ற ஒற்றை வரியோடு எச்சரிக்கையை முடித்துக்கொள்வதும். அம்மாவின் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. முதல் மாதத்தில் ஒருநாள் நேரத்தைக் கூட்டியபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் முழங்கையில் புறங்கையை வைத்துப் பார்த்தபோதுதான் சூடு தெரிந்தது, தொட்டாலே வலிக்கிறது என்றும் அம்மா சொன்னார். மருத்துவர் ஒரு வாரம் நிறுத்தச் சொல்லி, நேரத்தைக் குறைத்து மீண்டும் தொடங்கினார். இப்போது ஒவ்வொரு முறையும் தேதி, நொடிகள், மறுநாள் தொட்டுப் பார்த்த நிலை ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதுகிறேன்.

இடது முழங்கைத் திட்டு தட்டையாகிச் செதில் உதிர்வது நின்றுவிட்டது. வலது முழங்கை பாதி தேறியிருக்கிறது. பின்னந்தலையில் அரிப்பு குறைந்தாலும் முடியோரத்தில் செதில் இன்னும் இருக்கிறது. உடல் முழுதும் பரவியவர்களுக்கு இந்தச் சிறு விளக்கு போதாது. அவர்களுக்கு மருத்துவமனையின் நின்று எடுக்கும் ஒளிக்கூண்டே பொருத்தம். லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்) உள்ளவர்களும், வெயில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும் மாத்திரைகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. வாங்குபவர்கள் கடையிலேயே முகப்பைக் கழற்றச் சொல்லி, குழல்விளக்கின் அடியில் அச்சிட்ட எழுத்தைப் படித்துப் பாருங்கள். வாட் எண்ணுக்குப் பின் 01 என்று இருந்தால் அது குறும்பட்டை விளக்கு.