பெயர் கேட்காத கூட்டமும் பெயர் கேட்ட பதிவேடும்

மெல்பர்னில் நான் குடியிருக்கும் புறநகரில், குடியை நிறுத்த விரும்புவோர் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போவது நூலகத்துக்குப் போவதைப் போல எளிது. கதவு திறந்திருக்கும், உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். குடியை நிறுத்தியதிலிருந்து கோலாலம்பூருக்கு வரும்போதெல்லாம் அப்படியொரு கதவை முதலிலேயே தேடி வைத்துக்கொள்கிறேன். ஊருக்கு வந்தால் உறவினர் வீடு, உறவினர் வீட்டில் விருந்து, விருந்து மேசையின் நடுவே ஒரு போத்தல் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "ஒரு கிளாஸ்தானே தம்பி, இத்தனை நாள் கழிச்சு வந்திருக்கே" என்று அன்போடு நீட்டும் மாமாவிடம் வேண்டாம் என்று சொல்வதற்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை எனக்குத் தருவது இந்தக் கூட்டங்கள்தான்.

இம்முறை நாளும் நேரமும் இணையத்திலேயே கிடைத்தன. தொடர்பு எண்ணுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கும் விரைவில் பதில் வந்தது. பினாங்கில் கலந்துகொண்ட கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான் எழுத விரும்புவது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன்கூடத்தில் இருந்த பதிவேட்டைப் பற்றி.

"எழுதாம மேல விட முடியாதுண்ணே. ஐசியக் குடுத்துட்டு பாஸ் எடுத்துக்குங்க" என்றார் அங்கிருந்த ஜாகா, அதாவது காவலாளி. மரியாதையான மனிதர், தமக்கு இட்ட வேலையைச் செய்தார். பெயர், ஐசி எனப்படும் அடையாள அட்டையின் எண், தொலைபேசி எண், போகும் மாடி, வந்த நோக்கம் என்று ஐந்து கட்டங்கள். எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதிய பெயர்களும் எண்களும் அதே பக்கத்தில் அப்படியே தெரிந்தன. எனக்குப் பின்னால் வருபவர் என்னுடையதையும் படிப்பார். இந்த வழக்கத்தோடு வளர்ந்தவன்தான் நானும். நண்பனைப் பார்க்கவோ பல் மருத்துவரைப் பார்க்கவோ போகும்போது அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. குடியிலிருந்து விடுபட வந்தவனிடம் நோக்கம் என்ன என்று எழுதக் கேட்பது வேறு விஷயம்.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும், இருவருமே குடியால் சீரழிந்தவர்கள், ஒருவருக்கொருவர் துணையாக நின்று தொடங்கிய இயக்கம் இது. சேருவதற்குக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. வேலையிடத்துக்கோ சம்பந்தி வீட்டுக்கோ செய்தி போய்விடுமோ என்ற அச்சம் இல்லாமல் ஒருவன் வாய் திறக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அதைக் கீழ்த்தளத்து மேசை ஒன்று நிமிடத்தில் உடைத்துவிடுகிறது.

நான் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் நின்ற தமிழ் இளைஞர் ஒருவர் பதிவேட்டைப் பார்த்தார், ஜாகாவைப் பார்த்தார், மறந்துபோன பொருளை எடுக்கப் போவதைப் போலச் சட்டைப்பையைத் தொட்டபடி வெளியே போய்விட்டார். அவர் எந்த மாடிக்கு வந்தார் என்பதை நான் எப்படி அறிவேன்? வேறு வேலையாகவும் வந்திருக்கலாம். ஆனால் முதல் கூட்டத்துக்குப் போகிறவர்களின் நடை எனக்குப் பழக்கமானது. அன்றிரவு முழுவதும் அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே நடந்த கூட்டமோ என்னை நெகிழ வைத்தது. பேச்சு ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. தமிழர் ஒருவர் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லித் தடுமாறி நின்றபோது, கூட்டத்தை நடத்திய சீனப் பெண்மணி உங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்றார். அவர் பேசினார். அவர் சொன்னது அந்த அறைக்கு உரியது, இங்கே எழுத மாட்டேன். அங்கிருந்த பெரும்பாலோருக்குத் தமிழ் புரியாது. இருந்தும் ஒருவர்கூடக் கைப்பேசியை எடுக்கவில்லை. மெல்பர்னில் எத்தனையோ கூட்டங்களில் இருந்திருக்கிறேன், இந்தப் பொறுமையை அங்கே கண்டதில்லை.

வாரத்துக்கு ஒரு முறை முழுவதும் தமிழில் ஒரு கூட்டம் நடந்தால் என்ன என்ற ஏக்கம் அப்போதுதான் வந்தது. 1941இல் இங்குள்ள கிள்ளான் வட்டாரத்தின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. குடி நம் குடும்பங்களை என்ன செய்தது என்பதை அவ்வளவு முன்பே வெளிப்படையாகப் பேசிய சமூகம், இன்று அதைப் பேச ஓர் அறை இல்லாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கோயில் மண்டபங்கள் வார நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. அங்கே மின்விசிறியும் நாற்காலிகளும் இருக்கின்றன. வாசலில் பதிவேடு இல்லை.

கூட்டம் முடிந்ததும் பதிவேட்டைப் பற்றி நடத்துநரிடம் சொன்னேன். அடுத்த வாரம் முதல் ஒருவர் கீழே நின்று வருகிறவர்களை அழைத்துப்போக ஏற்பாடு செய்வதாகவும், கட்டட நிர்வாகத்திடம் பேசுவதாகவும் சொன்னார். ஊருக்குப் போகும் நம்மவர்கள் புறப்படுவதற்கு முன்பே தொடர்பு எண்ணுக்குச் செய்தி அனுப்பி, வாசலில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கீழே வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள், கேட்டால் வருவார்கள். மண்டப விஷயமாக ஊரில் எங்கள் வட்டாரக் கோயில் செயலாளரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், என் தங்கை அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.