இன்சூரன்ஸ் உள்ள கார், இல்லாத கார்: இடித்த பிறகு என்ன ஆகும்?

முதலில் ஒன்று. கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் இறந்துவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசி-க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) பிரிவு 106-ன்படி வரும் கிரிமினல் வழக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், 5 ஆண்டு வரை சிறை, இதில் எந்த பாலிசியும் காப்பாற்றாது. வித்தியாசம் பணத்தில்தான்.

மூன்றாம் நபர் பாலிசி (உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) மட்டும் இருந்தாலே போதும், இறப்புக்கும் காயத்துக்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை உச்சவரம்பு இல்லாமல் கம்பெனி கட்டும் (சொத்துச் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் வரை). லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்திருந்தால், கம்பெனி முதலில் கட்டிவிட்டு அப்புறம் உங்களிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம், அதை மறக்காதீர்கள்.

பாலிசி இல்லையா? 2,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை, இரண்டில் ஒன்றோ இரண்டுமோ, இது சின்ன விஷயம். பெரியது இழப்பீடு. இறந்தவர் சம்பாதிக்கிற வயதுக்காரர் என்றால் அது பல லட்சம் போகும், முழுத்தொகையும் ஓட்டியவர், உரிமையாளர் தலையில்தான், தம்பி ஓட்டினான், வண்டி என் பேரில் சும்மா இருக்கிறது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. கட்டாவிட்டால் கலெக்டர் மூலமாக நிலவரி பாக்கி போல வசூலிப்பார்கள், வீடும் நிலமும் ஜப்திக்குப் போகலாம். அதைவிட எனக்கு வலிப்பது, உரிமையாளரிடம் ஒன்றுமே இல்லாதபோது அடிபட்ட குடும்பம் தீர்ப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைவதுதான்.

2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி காருக்கு இந்த மூன்றாம் நபர் பாலிசி வருஷத்துக்கு 3,416 ரூபாய், வரி தனி.