காக்கருக்கு மெஷினா, கையா, கத்திரியா?

காக்கர் ஸ்பேனியல் நாய் வளர்க்கிற வீடுகளில் ஏப்ரல் பிறந்தால் ஒரே கேள்விதான்: "வெயில் ஏறிடுச்சே, மொட்டை அடிச்சிடலாமா?" சென்னையில் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வராத வருடம் கிடையாது. எங்களுடையது பொன்னிற இங்கிலீஷ் காக்கர், பெயர் தேனு, வயது எட்டு. இந்த எட்டு வருடத்தில் அவளுக்கு மெஷின் போட்டிருக்கிறேன், கையால் முடி உருவியிருக்கிறேன், கத்திரியால் திருத்தியிருக்கிறேன். மூன்றையும் ஒரே நாயிடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, உடம்பில் எந்த இடத்துக்கு எது என்று கேட்பதுதான் சரி.

காக்கரின் முடி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முதுகிலும் தலையிலும் பட்டுப்போலப் படிந்த மேல்முடி, அதற்கு அடியில் பஞ்சு போன்ற மெல்லிய அடிமுடி. காது, நெஞ்சு, வயிறு, கால்களின் பின்புறம் ஆகிய இடங்களில் நீளமாகத் தொங்கும் முடி. உட்காக் என்ற பறவையைப் புதர்களிலிருந்து கிளப்பிவிடப் பழக்கிய நாய் இது. காக்கர் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். முள்ளும் ஈரமும் தோலைத் தொடாமல் காப்பது அந்த மேல்முடியின் வேலை. இங்கிலீஷ் காக்கர், அமெரிக்கன் காக்கர் இரண்டையும் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1946-இல் தனித்தனி இனமாக அங்கீகரித்தது. அமெரிக்கன் காக்கருக்கு முடி இன்னும் அடர்த்தி, இன்னும் பஞ்சு. உங்கள் நாய் எந்த வகை என்று தெரிந்துகொண்டு கருவி வாங்குங்கள். ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றுக்குச் சரிப்படாது.

முதுகுக்கு: கையா, மெஷினா?

கையால் உருவுவதை ஹேண்ட் ஸ்டிரிப்பிங் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் கொடுமை போலத் தோன்றும். உண்மையில் பிடுங்குவது உயிருள்ள முடியை அல்ல. காக்கரின் மேல்முடி வளர்ந்து முதிர்ந்து, நிறம் வெளுத்து, வேரில் பிடி தளர்ந்து நிற்கும். அந்த முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நான்கைந்து இழைகளாகப் பிடித்து, வளரும் திசையிலேயே இழுத்தால் சத்தமில்லாமல் கையோடு வந்துவிடும். மறு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பணம் எண்ணுகிறவர்கள் விரலில் மாட்டும் ரப்பர் உறை இரண்டு வாங்கிக்கொண்டால் முடி வழுக்காது. நாய் திரும்பிப் பார்த்தாலோ தோல் துடித்தாலோ அந்த இடத்து முடி இன்னும் முதிரவில்லை என்று அர்த்தம். விட்டுவிட்டு அடுத்த வாரம் வாருங்கள்.

பலன் என்னவென்றால், பழைய முடி வேரோடு போய் அந்த இடத்தில் புது முடி முழு நிறத்தோடும் மினுமினுப்போடும் வரும். மெஷினால் வெட்டினால் நுனி மட்டும்தான் போகும். செத்த முடியின் அடிப்பாதி அங்கேயே நிற்க, பஞ்சு அடர்ந்துகொண்டே வரும். திரும்பத் திரும்ப வெட்டிய முதுகு நிறம் மங்கி, தொட்டால் ஆட்டுக்குட்டி போல ஆகிவிடுகிறது. தேனுவுக்கு இரண்டு வயதில் ஒரு பார்லரில் முதுகு முழுக்க மெஷின் ஓட்டிவிட்டார்கள். நான் கேட்டது குளிப்பாட்டிக் காது திருத்தச் சொல்லி மட்டுமே. அந்தப் பழைய பளபளப்பு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டேன்.

கை வேலையின் குறை, நேரம். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் நாய்க்கும் அலுக்கும், நமக்கும் விரல் வலிக்கும். தினம் இருபது நிமிடம், இரண்டு வாரம் என்று பிரித்துக்கொண்டால் சுமை தெரியாது. மாலையில் டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான்.

ஆனால் இதையெல்லாம் மாற்றிவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது: கருத்தடை அறுவை. அறுவைக்குப் பிறகு நிறைய காக்கர்களுக்கு முடியின் குணமே மாறிவிடும். பட்டு போய்ப் பஞ்சு மிகும். முதுகில் இருந்ததைவிடப் பக்கங்களிலும் கால்களிலும் மண்டும். தேனுவுக்கு நான்கு வயதில் செய்தோம், அடுத்த வருடமே கண்கூடாகத் தெரிந்தது. அந்தப் பஞ்சு விரலுக்கு வராது, இழுத்தால் வலிக்கும். (முடிக்காகக் கருத்தடையைத் தள்ளிப்போட வேண்டாம். கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தைத் தவிர்ப்பது முடியைவிடப் பெரிய காரியம்.) அப்படி மாறிய நாய்க்குக் கைதான் உயர்ந்தது என்று பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை. முதுகில் செத்த பஞ்சைப் பல்லுள்ள ஸ்டிரிப்பிங் கத்தியால் வாரி எடுத்துவிட்டு, மிச்சத்தை முடி குறைக்கும் கத்திரியால் திருத்தலாம். அமெரிக்கன் காக்கர் என்றால் 7எஃப் பிளேடு போட்டு மெஷின் ஓட்டுவதே நடைமுறை. சுமார் 3 மி.மீ. முடி நிற்கும். வளரும் திசையில்தான் ஓட்ட வேண்டும்.

மெஷினை நான் ஒதுக்கிவிடவில்லை

காதின் மேல் மூன்றில் ஒரு பங்கு, உள்ளும் வெளியும்; தொண்டை; பாதத்தின் அடியில் மெத்தைகளுக்கு நடுவே; வயிற்றின் அடி. இந்த நாலு இடங்களில் மெஷினை மிஞ்சியது எதுவும் இல்லை. 10-ஆம் நம்பர் பிளேடு போதும், சுமார் 1.5 மி.மீ. விடும், தோலைக் கிழிக்கும் வாய்ப்பும் குறைவு. அதற்கு மேல் நம்பர் ஏற ஏற வெட்டு தோலை நெருங்கும். 30, 40 எல்லாம் வீட்டுக்கு வேண்டாம்.

அப்பாவின் தாடி ட்ரிம்மரை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாதத்தின் அடிக்கு ஒருவேளை ஓடும். காக்கரின் அடர்ந்த பஞ்சில் அது சிக்கி, முடியை வெட்டாமல் இழுக்கும். ஒரு முறை அப்படி இழுபட்ட நாய் மெஷின் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். நாய்களுக்கென்று செய்த கிளிப்பரே வாங்குங்கள். ஓடும்போது பிளேடு சூடாகும். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோல் மெல்லியதாக மடிந்து கிடக்கும், காது ஓரத்தில் சின்னப் பை போன்ற ஒரு மடிப்பும் உண்டு. இந்த இடங்களில் தோலை விரித்துப் பிடிக்காமல் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது.

இப்போது அந்த மொட்டைக் கேள்விக்கு வருகிறேன். நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதங்களில்தான். உடம்புச் சூட்டை அது முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. ஆகவே முதுகை மழித்தால் நமக்குத் தலைமுடி வெட்டியதுபோன்ற சுகம் அதற்குக் கிடைக்காது. நேர் வெயில் தோலில் படுவதைத் தடுக்கிற குடையை எடுத்துவிட்டதுதான் மிச்சம். வெளிர் நிற நாய்களுக்குத் தோல் கருகவும் செய்யும். வயிற்றின் கதை வேறு. அடிவயிற்று முடியை மெஷினால் குறைத்துவிட்டால், குளிர்ந்த தரையில் குப்புறப் படுக்கும்போது தோல் நேரடியாகத் தரையைத் தொடும். கத்திரி வெயில் மாதத்தில் தேனுவுக்கு நான் செய்வது அதைத்தான்: முதுகு அப்படியே, வயிறு சுத்தம். மொட்டை அடித்தால் உண்ணி கண்ணுக்குத் தெரியும் என்கிற வாதம் உண்மைதான். ஆனால் தினமும் சீப்பு போடுகிற வீட்டில் உண்ணி எப்படியும் கண்ணில் படும்.

கத்திரியில் இரண்டு வகை, இரண்டும் ஒன்றல்ல

நேர் கத்திரி முடியில் வெட்டிய தடத்தைக் காட்டிக்கொடுக்கும். படிக்கட்டு மாதிரி தெரியும். சீப்புப் பல் வைத்த முடி குறைக்கும் கத்திரி தப்பை மறைத்துவிடும். மெஷின் ஓட்டிய காதின் மேல்பகுதியும் நீள முடி தொடங்கும் இடமும் சேரும் கோட்டை மறைக்க இதுதான் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேர் கத்திரியைப் பாதத்தைச் சுற்றி வட்டமாக வெட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முனை மழுங்கியதாக.

நேர் கத்திரியை எடுக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்து உருண்டை ஆகிவிட்டால் அதை வெட்டத்தான் கை போகும். அந்த உருண்டை முடியோடு தோலையும் சேர்த்துக் கூம்பாக இழுத்து வைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் முடி மட்டுமே தெரியும். கால்நடை மருத்துவர்களிடம் தையலுக்கு வரும் காயங்களில் இது வழக்கமான ஒன்று. சோள மாவு (கார்ன்ஃப்ளார்) கொஞ்சம் தூவி, விரல்களால் உருண்டையைப் பிரித்துப் பிரித்து, நுனியிலிருந்து சீப்பு போடுங்கள். வரவில்லையென்றால் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மெஷின் ஓட்டுங்கள். காது முழுக்கச் சடை பிடித்துக் கனத்துப் போயிருந்தால் வீட்டில் கைவைக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்தக் கனம் திடீரென்று நீங்கினால் நாய் தலையை வேகமாக உதறும். காது மடலில் ரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு.

சீப்புகள்

மூன்று கருவிகள் கடையில் அருகருகே தொங்கும். வளைந்த கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ், இரும்புச் சீப்பு, உதிரும் முடியை எடுக்கும் பிளேடு. கடைசியாகச் சொன்னதுதான் விளம்பரத்தில் மலை போல முடியைக் குவித்துக் காட்டும். அதில் நல்ல மேல்முடியும் அறுபட்டுக் கலந்திருக்கும். நான் வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டேன். ஸ்லிக்கர் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்: மேலே பளபளவென்று இருக்கும், அடியில் சடை வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்லிக்கரால் வாரி முடித்த பிறகு இரும்புச் சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் போக வேண்டும். அதுதான் பரீட்சை. முடியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்து, கீழிருந்து வரி வரியாக இறக்கிச் சீவினால் எந்த முடிச்சும் தப்பாது. ஒன்றே ஒன்று வாங்கக் காசு இருந்தால் இரும்புச் சீப்பை வாங்குங்கள்.

குளியல்

"சீயக்காய் போட்டா போதாதா?" என்பது அம்மாவின் கேள்வி. கண்ணில் பட்டால் எரிச்சல், அடர்ந்த முடியிலிருந்து முழுக்க அலசி எடுப்பதும் கஷ்டம். நம் ஷாம்பு நம்முடைய அமிலத்தன்மையுள்ள தோலுக்காகச் செய்தது. நாயின் தோல் அதைவிட நடுநிலைக்கு நெருக்கம். நாய் ஷாம்புதான் என் முடிவு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை. காக்கருக்கு எண்ணெய்ப்பிசுக்கும் பொடுகும் வரும் இயல்பு உண்டு. மருத்துவர் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தால், நுரையைச் சுமார் பத்து நிமிடம் உடம்பிலேயே விட்டுத்தான் அலச வேண்டும். உடனே அலசினால் மருந்து வேலை செய்யாது.

முதலில் சீப்பு, பிறகு தண்ணீர். இந்த வரிசை மாறினால் இருக்கிற சிக்கு நனைந்து இறுகிக் கல்லாகிவிடும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காய வைக்க மின்விசிறி வெயில் காலத்தில் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் போதாது. அடிமுடி ஈரமாகவே நின்று நாற்றமும் தோல் புண்ணும் வரும். அப்போது டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து, சீவிக்கொண்டே காய வையுங்கள்.

நகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நகவெட்டியா, உராய்க்கும் மெஷினா என்றால் கறுப்பு நகத்துக்கு உராய்ப்பது பாதுகாப்பு; உள்ளே ரத்தம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாததால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம். பாதத்து நீள முடி சுழலும் தலையில் சுற்றிக்கொள்ளாமல் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

காது

முடி எப்படி இருந்தாலும் ஒரு காக்கர் சந்தோஷமாக வாழ்ந்துவிடும். காது கெட்டால் முடியாது. நாயின் காதுக்குழாய் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும். அதன் மேல் கனத்த மடல் மூடி போலக் கிடக்கிறது, உள்ளே முடியும் மெழுகும் சேர்கிறது. காற்றில்லாத ஈரமான அந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் தாராளமாக வளரும்.

பட்ஸ் எதிர் பஞ்சு: பட்ஸ் அழுக்கை வளைவுக்குள் தள்ளி அமுக்கிவிடும். பஞ்சில் விரல் போகும் ஆழம்வரை துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய், வினிகர், பெராக்சைடு எதிர் மருந்துக்கடை காது கிளீனர்: எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்கும், பெராக்சைடும் வினிகரும் புண் இருந்தால் எரிக்கும். கிளீனரைக் குழாய்க்குள் விட்டு, காதின் அடியைச் சளக் சளக் என்று சத்தம் வரும்வரை பிசைந்து, நாய் உதறி முடித்த பிறகு துடைப்பதே சரியான முறை. காதுக்குள் இருக்கும் முடியைப் பிடுங்குவதா வேண்டாமா என்பதில், தொந்தரவில்லாத காதில் பிடுங்க வேண்டாம் என்ற பக்கம் நான். பிடுங்கிய இடம் சிவந்து அதுவே தொற்றுக்கு வழி விடுகிறது. வாசலைச் சுற்றியும் மடலின் உள்பக்கமும் 10-ஆம் நம்பர் ஓட்டினாலே காற்று போகும். பழுப்பு அழுக்கோ, வலியோ, தலையைச் சாய்த்து நடப்பதோ தெரிந்தால் கிளீனரையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் எதையும் விட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் தேனுவின் முதுகை அழகாக உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இடது காதில் தொற்று வந்ததைக் கவனிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் காது தோய்ந்த வாடை என்று நினைத்துவிட்டேன். ஒரு மாதம் மருந்து விட்டோம், அவள் தலையைத் தொடவிடவே மறுத்தாள். அதன் பிறகு வாய் குறுகி உயர்ந்த கிண்ணத்துக்கு மாறினோம். காது வெளியே தொங்கும், சோறு ஒட்டாது. ராத்திரி அவள் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு மடலையும் தூக்கி மோந்து பார்க்கிறேன். நல்ல காதுக்கு லேசான மெழுகு வாடைதான் இருக்கும்.