16 வயதுப் பெண்ணை 8 கிலோ குறைக்கிறோம் என்று 24,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: பெற்றோர் கவனத்துக்கு

"நோ ரீஃபண்ட், பில்லிலேயே போட்டிருக்கு." இன்று மதியம் அவர்களிடமிருந்து வந்த கடைசி பதில் இது. ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. மாடியில் ஏசி ரூம் பிடித்து, வாசலில் 'முன்பு – பின்பு' படங்கள் ஒட்டி நடத்தும் எடை குறைப்பு மையங்களில் ஒன்று, திருச்சியில். வயதுக்கு வந்த பிள்ளை வைத்திருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். எதைப் பார்த்து உஷாராக வேண்டும் என்று சொல்கிறேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. உயரம் 158 செ.மீ., எடை 53 கிலோ. வகுப்பில் யாரோ 'குண்டு' என்று கூப்பிட்டதிலிருந்து திருச்சி வெயிலிலும் யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர் போட ஆரம்பித்தாள். விவரம் தெரிந்தவர்கள் பேசினால் தெளிவாள் என்றுதான் அங்கே கூட்டிப்போனேன்.

ஒரு மெஷின் மேல் ஏற்றிச் சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அதில் 'உடல் வயது 34'. பிள்ளை அதைப் பார்த்து அழுதுவிட்டாள். அங்கிருந்த மேடம் அவள் தோளில் கை போட்டு, "அக்கா, என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன். மூணே மாசம், 45 கிலோவுக்குக் கொண்டுவந்துடலாம்" என்றார். அந்தப் பேச்சை நம்பி அங்கேயே 24,500 ரூபாயை ஜிபே செய்தேன். படிவத்தில் மகளையே கையெழுத்துப் போட வைத்தார்கள்.

காலையும் இரவும் பவுடர் கலக்கிக் குடிக்க வேண்டும், மதியம் ஒரு கப் வேகவைத்த காய். சோறும் இட்லியும் விஷம் என்று வாட்ஸாப் குரூப்பில் ஓயாமல் செய்தி. தினமும் எடை மெஷினைப் படம் பிடித்து அதே குரூப்பில் போட வேண்டும். எடை ஏறினால் எல்லோர் முன்னாலும் சிவப்பு எமோஜி. வளரும் பிள்ளையை இப்படியா நடத்துவார்கள்?

முடி கொத்துக் கொத்தாக வந்தது. மாதவிலக்கு நின்றது. போன் செய்தால், "அது டீடாக்ஸ் அக்கா, கழிவு வெளியே போகுது" என்றார்கள். பள்ளியில் மயங்கி விழுந்த அன்று மேடம் மீட்டிங்கில் இருந்தார். அப்புறம், "ஹெட் ஆபீஸைக் கேக்கணும்". அதற்குப் பிறகு மெசேஜுக்கு நீல டிக் மட்டும்.

குழந்தைகள் டாக்டரிடம் போனோம். ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும், பெரியவர்களுக்கான பிஎம்ஐ கணக்கை இந்த வயதில் அப்படியே வைக்கக் கூடாது, வயதுக்கு ஏற்ற வளர்ச்சி அட்டையில்தான் பார்க்க வேண்டும் என்று குறித்துக் காட்டினார். அவள் எடை சரியாகவே இருந்திருக்கிறது! பருவ வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது வளர்ச்சியின் பகுதி என்றார். அந்த மெஷின் உடம்பில் லேசான மின்சாரம் செலுத்திக் கணக்குப் போடுவது, தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே எண் மாறும் என்றும் சொன்னார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் பட்டினி போட்டு இவர்கள் சம்பாதிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து டின்னில் ஒட்டியிருந்த அவர்கள் ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் பொடி எழுத்து: '18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்'. படம் எடுத்து அனுப்பினேன். அதற்குத்தான் அந்த "நோ ரீஃபண்ட்". 24,500 ரூபாய் போனதைவிட, என் பெண் இன்னமும் தோசையை டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எண்ணெய் எடுத்துவிட்டுச் சாப்பிடுவதுதான் தாங்கவில்லை.

சரி, அவசரமாகச் சில விஷயம். 18 வயதுக்குக் கீழே எடை குறைப்பு பேக்கேஜ் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். டின்னில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருந்தால் உணவு விற்க உரிமம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எடை குறையும் என்றல்ல. 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, அதனால் படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள். சாப்பாட்டை ஒளித்தாலோ மாதவிலக்கு தள்ளிப்போனாலோ டாக்டரிடம் போங்கள். பிள்ளை மனம் உடைந்திருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்.

நாளைக் காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் 24,500 ரூபாய்க்குப் புகார் பதியப்போகிறேன். அந்த வாட்ஸாப் குரூப்பில் இன்னும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மா அப்பா யாராவது இதைப் படித்தால், முதலில் பவுடரை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை எடுங்கள்.