பாண்டாவா, தோகியனா?

1999இல் இந்தோனேசியாவின் அம்போனில் மூண்ட மதக்கலவரத்துக்குப் பின் பயணிகள் வரத்துக் குறைந்த மலுக்குவின் பாண்டா தீவுகளையும், போசோ வட்டாரக் கலவரத்தால் அதே நிலைக்கு ஆளான சுலாவெசியின் தோகியன் தீவுகளையும் ஒப்பிட்டால், முதுகுப்பையுடன் செல்பவருக்கு அலைச்சல் குறைவது தோகியனில்தான்; சுலாவெசிக் கரையிலுள்ள அம்பானாவில் படகேறித் தோகியனின் வக்காய் ஊர் சேர்ந்தால், கடற்கரைக் குடில்களின் வாடகையிலேயே பெரும்பாலும் சாப்பாடும் அடங்கிவிடும். பாண்டாவுக்கோ அம்போனிலிருந்து அரசு நிறுவனமான பெல்னியின் கப்பல் புறப்படும் நாளைப் பார்த்தே திட்டமிட வேண்டும்.

ஆயினும் என் தெரிவு பாண்டாதான். பெல்கிகா கோட்டை மதிலில் நின்றால், 1988இல் வெடித்த குனுங் அபி எரிமலை எதிரே நிற்கிறது. தோப்புகளில் கெனாரி என்னும் உயர்ந்த மரங்களின் நிழலில் ஜாதிக்காய்ப் பழம் பிளந்து, நம் அஞ்சறைப் பெட்டியில் வாடிக் கிடக்கும் ஜாதிபத்திரி இங்கே இரத்தச் சிவப்பாக விதையைப் பற்றியிருக்கிறது. 1667 உடன்படிக்கையில் மன்ஹாட்டனை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டு டச்சுக்காரர்கள் தக்கவைத்துக்கொண்ட ருன் தீவும் இக்கூட்டத்தில் ஒன்றே.