38 லிட்டர் முதுகுப் பை: ஜப்பானிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நான்காண்டுப் பயன்பாடு

பையின் பெயர் இங்கே வேண்டாம். இதே அளவில், இதே துணியில், இதே ரகப் பூச்சோடு நிறையப் பேர் பை விற்கிறார்கள். கீழே சொல்லப்போகும் கோளாறும் ஒரு கம்பெனிக்கு உரியதல்ல, அந்த ரகத்துக்கே உரியது. கொள்ளளவு 38 லிட்டர். வெறும் எடை 1,350 கிராம். உடல் 210 டெனியர் நைலான், அடிப்பாகம் 420 டெனியர் (டெனியர் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு), துணியின் உட்புறம் தண்ணீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் பூச்சு. பெட்டி மாதிரி முழுசாகத் திறக்கும் 8-ஆம் எண் நைலான் ஜிப், நெஞ்சுப் பட்டை, இடுப்புப் பட்டை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சிக்கனமாக ஜப்பான் சுற்ற இதைவிடப் பெரிய பை வேண்டாம். நம் ஊர் மலைகளுக்கு இதுவே பல நேரம் அதிகம். நான்கு ஆண்டில் பை கெட்டது ரயிலிலும் இல்லை, பாறையிலும் இல்லை. வீட்டுப் பரணில்.

7 கிலோ கணக்கு

ஜப்பானுக்குள் மலிவு விமானம் என்றால் பீச், ஜெட்ஸ்டார் ஜப்பான். இரண்டிலும் கைப்பைக்கு 7 கிலோதான், அதுவும் பெரிய பை, சின்னப் பை இரண்டும் சேர்த்து. நுழைவாயிலில் தராசு வைத்தே நிற்பார்கள். பையே 1,350 கிராம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது ஐந்தரை கிலோ சொச்சம்.

அது போதும். மூன்று வாரத்துக்கு எடுத்துப்போனதை நிறுத்துப் பார்த்த கணக்கு இது: துணிமணி 1,250 கிராம் (டி-சட்டை இரண்டு, சீக்கிரம் உலரும் பேன்ட், அரைக்கால் சட்டை, உள்ளாடை மூன்று, காலுறை மூன்று ஜோடி), இறகு ஜாக்கெட் 300, மழைச் சட்டை 330, குளியல் சாமான் 350, சார்ஜர், பவர் பேங்க், கேபிள் எல்லாம் 550, லுங்கியும் துண்டும் 300, செருப்பு 400, காகிதங்கள் 250, தலைவிளக்கும் மருந்தும் 250, பொடி வகை 500, காலி பாட்டில் 100. பையோடு சேர்த்தால் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்ச ஒரு கிலோவைக் காலியாக விட்டுவைப்பது நல்லது, திரும்பும்போது நிரம்பிவிடும்.

துண்டு விஷயத்தில் மைக்ரோஃபைபர் பக்கம் போகவே வேண்டாம். நம் ஈரிழைத் துண்டு எடையில் அதற்கு ஈடு, உலர்வதில் அதைவிட வேகம், நாற்றமும் பிடிக்காது. ஜப்பானியரின் தெனுகுய் துண்டும் கிட்டத்தட்ட இதே நெசவுதான். பொதுக் குளியல் இடங்களில் துண்டைத் தண்ணீருக்குள் விடக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். ஈரிழை அதற்கும் கச்சிதம்.

பொடி அரை கிலோவா என்று கேட்பவர்கள் சைவர்களாக இருக்க மாட்டார்கள். அங்கே சூப், சாஸ், அவித்த காய் வரை தாஷி என்ற மீன் சாறு கலந்திருக்கும். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வெறும் உப்புச் சோற்று உருண்டை வாங்கிப் பருப்புப் பொடி தூவினால் வேளை ஓடிவிடும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி கலந்த எதையும் பையில் வைக்க வேண்டாம். உரிய சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஏழரைக்கு மேல் பெட்டிச் சாப்பாட்டில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிப்பார்கள்.

ரயிலும் லாக்கரும்

ஷின்கான்சென் அதிவேக ரயிலில் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் அதற்கென்று இருக்கை பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். தொக்காய்தோ, சான்யோ, கியூஷு தடங்களில் 2020 மே மாதத்திலிருந்து இந்த விதி. இந்தப் பையின் கூட்டுத்தொகை 110 செ.மீ. பக்கம்தான், தலைக்கு மேல் உள்ள தட்டில் போட்டுவிடலாம்.

ஆனால் சிக்கனப் பயணிக்கு ஷின்கான்சென் இப்போது எட்டாக் கனிதான். 2023 அக்டோபரில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் சீட்டான ஜே.ஆர். பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. டோக்கியோ–கியோட்டோ போய்வர 28,000 சொச்சம்தான் ஆகும் என்னும்போது பாஸ் வாங்குவது பெரும்பாலோருக்கு நஷ்டம். மிச்சம் இருப்பது இரவுப் பேருந்தும், பள்ளி விடுமுறைக் காலங்களில் மட்டும் விற்கும், சாதாரண ரயில்களுக்கான செய்ஷுன் 18 டிக்கெட்டும். பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. 2024 குளிர்காலத்தில் இதன் விதியை மாற்றிவிட்டார்கள். மூன்று நாளுக்கு 10,000, ஐந்து நாளுக்கு 12,050 யென், ஆனால் தொடர்ச்சியான நாட்கள், ஒருவருக்கு மட்டும். முன்பு விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம், ஐந்து பேர் வரை பங்கும் போடலாம். பழைய குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இந்த டிக்கெட்டில் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குச் சாதாரண ரயில்களில் ஒன்பது மணி நேரம் போல ஆகும், வழியில் நாலைந்து முறை மாற வேண்டும். ஓகாகி, மாய்பாரா நிலையங்களில் ரயில் நின்றதும் பாதிக் கூட்டம் படியேறி அடுத்த நடைமேடைக்கு ஓடும். மாறக் கிடைப்பது சில நிமிடம், இருக்கையும் குறைவு. உருட்டுப் பெட்டிக்காரர்கள் நின்றுகொண்டு போவார்கள், முதுகுப் பைக்காரர்கள் உட்கார்ந்துகொண்டு.

நகர ரயிலில் ஏறும் முன் பையைக் கழற்றி மார்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கே எல்லோரும் அப்படித்தான். இடுப்புப் பட்டை தொங்கி அடுத்தவர் முழங்காலில் இடிப்பதுதான் இந்தப் பையில் உள்ள உறுத்தல். பட்டையைப் பின்னால் சுற்றிக் கிளிப்பைப் போட்டுவிட்டால் அடங்கும். இப்படி மடக்கினால்தான் நிலையத்தின் சின்ன லாக்கருக்குள்ளும் பை போகும். அந்த லாக்கரின் அகலம் 35 செ.மீ. போலத்தான், பெரிய நிலையங்களில் 400 முதல் 500 யென். கட்டணம் மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில். மாலை ஆறுக்கு வைத்து மறுநாள் காலை எடுத்தால் இரண்டு நாள் காசு.

மலையில்

கூடாரம் 1,200, தூக்கப் பை 900, விரிப்பு 400, மூன்று நாள் சாப்பாடு என்று சேர்த்தால் சுமை ஒன்பது, பத்து கிலோவைத் தொடும். ஒன்பது வரை இடுப்புப் பட்டை தாங்குகிறது. அதற்கு மேல் சட்டம் இல்லாத முதுகுப்பலகை வளைந்து பாரம் தோளுக்கு ஏறிவிடும். ஆக, கூடாரத்தோடு ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் என்றால் இந்தப் பை விளிம்பில் நிற்கிறது. கமிகோச்சியிலிருந்து கராசாவா போய் ஒரு இரவு தங்க முடியும், அதைத் தாண்டிய திட்டத்துக்கு 50 லிட்டர் வேண்டும். கராசாவாவில் கூடாரம் போடும் இடம் முழுக்கக் கல். முளை இறங்காது. ஒரு மீட்டர் கயிறு ஆறு துண்டு கொண்டுபோய்க் கல்லில் கட்டித்தான் நிறுத்த வேண்டும்.

அடுப்புக்கான வாயு உருளையை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். கடைகளில் இரண்டு ரகம். வீட்டு அடுப்புக்கான நீள சி.பி. கேன் மலிவு, எங்கும் கிடைக்கும். திருகு வைத்த குட்டையான ஓ.டி. கேன் மலைச் சாமான் கடைகளில் கிடைக்கும், விலை கூட. மலிவைப் பார்த்து முதலாவதை வாங்கினால் அக்டோபர் விடியலில் அடுப்பு முனகும். சாதா பியூட்டேன் சுமார் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. குளிருக்கான ஓ.டி. கேனில் கலக்கும் ஐசோபியூட்டேன் −12 டிகிரி அருகில் வரை ஆவியாகும். கேனை ராத்திரி தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்வது பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

ஜப்பானில் பையில் கரடி மணி கட்டிக்கொண்டு நடப்பார்கள். சத்தம் கேட்டால் கரடி தானே விலகிவிடும் என்பது கணக்கு. ரயிலில் மணியின் நாக்கைப் பூட்டிவிட வேண்டும். அதே மணியோடு நம் காட்டுக்கு வந்துவிடாதீர்கள். இங்கே வழிகாட்டிகள் காது கொடுத்துக் கேட்பது யானை கிளை ஒடிக்கும் சத்தத்துக்காக. மணி அதைத்தான் முதலில் மறைக்கும்.

நம் பக்கம் பையின் தேவையே வேறு. 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் நினைத்த இடத்தில் மலையேற முடியாது. 2024-இல் வனத்துறை தொடங்கிய இணையப் பதிவில் 14 மாவட்டங்களில் 40 தடங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் வழக்கம், வழிகாட்டி கூட வருவார், காட்டுக்குள் நெருப்பு மூட்டவே கூடாது. அதற்கு 20 லிட்டர் பை போதும். இந்த 38-ஐ எடுத்தால் பக்கப் பட்டைகளை முழுக்க இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பாட்டில் உருளும். இது சரியாகப் பொருந்துவது கேரளப் பக்கமிருந்து போகும் அகத்தியர்கூடம் போன்ற மூன்று நாள் நடைக்குத்தான்.

கிழிந்ததும் இங்கேதான். உண்ணிச்செடி முள் பக்கவாட்டு வலைப் பையை இழுத்துப் பிய்த்துவிட்டது, மழை உறையிலும் நான்கு ஓட்டை. மழை உறை எப்படியும் அரை வேலைதான் செய்யும். முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் தண்ணீரை அது தடுக்காது. உள்ளே தடித்த பாலித்தீன் உறை ஒன்றைப் போட்டு வாயை முறுக்கிக் கட்டுவதே உருப்படியான வழி. கூடவே உப்பை வேட்டித் துணியில் முடிந்து ஒரு குச்சி நுனியில் கட்டி வைத்துக்கொண்டால், ஷூவில் ஏறும் அட்டையைத் தொட்டு உதிர்த்துவிடலாம். ஜப்பானிலும் அட்டை உண்டு, டோக்கியோ அருகே தான்சாவா மலையில் ஈரமான மாதங்களில் தாராளமாகவே.

பரணில் நடந்தது

மூன்றாவது ஆண்டு, ஐந்து மாதம் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரணில் கிடந்த பையைத் திறந்ததும் புளித்த வாந்தி வாடை. உட்புறம் கையில் ஒட்டியது. இன்னும் சில வாரத்தில் வெள்ளைச் செதிலாக உதிர ஆரம்பித்தது. பூஞ்சை என்று நினைத்து வெயிலில் போடுவார்கள். இது பூஞ்சை இல்லை. மலிவான பாலியூரித்தேன் பூச்சில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரமும் சூடும் சேர்ந்து உடைக்கின்றன. கடற்கரை ஊர்ப் பரண் இதற்கென்றே கட்டிவைத்த உலை. வியர்வை ஏறிய பையைத் துவைக்காமல் வைத்தால் இன்னும் வேகம். ரசகற்பூர உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், இதற்கு உதவாது.

ஒட்ட ஆரம்பித்த பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது, எடுத்துவிடத்தான் முடியும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடி சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் படலமாக வரும். மிச்சத்தை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். முழு மதிய வேலை. பிறகு பை தண்ணீர் தாங்காது, ஆனால் உள்ளே பாலித்தீன் உறை இருப்பதால் பாதகமில்லை.

ஷூவின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்றால் அதற்கும் இதே கதி. பெட்டியில் பத்திரமாக இருந்த ஷூ முதல் இறக்கத்தில் வாயைப் பிளக்கும். தண்ணீர் பாட்டிலில் இரண்டு மீட்டர் துணி டேப் சுற்றி வைத்துக்கொண்டால் ஊர் வந்து சேரலாம்.

மற்ற பழுதெல்லாம் சில்லறை. ஜிப் வாய் மூடாமல் பின்னால் பிளந்துகொண்டால் பல்லைக் குறை சொல்லாதீர்கள், தேய்ந்தது ரன்னர். கொறடால் அதன் இரு பின் ஓரங்களையும் மெல்ல, சமமாக அழுத்தினால் சில மாதம் ஓடும். அப்புறம் மாற்ற வேண்டும். ரன்னரின் முதுகில் எண் பொறித்திருக்கும், அதே எண் வாங்க வேண்டும். பை தைப்பவரிடம் ஐம்பது ரூபாய்க்குள் முடியும். தோள்பட்டை அடித்தையல் விட்டால் நைலான் நூலாகக் கேட்டு வாங்குங்கள். பருத்தி கலந்த நூல் வியர்வையில் ஓராண்டுகூட நிற்காது. ஒரே இடத்தில் நெருக்கிக் குத்தவும் விடாதீர்கள், துணி தபால்தலை மாதிரி கிழியும். வலைப் பையில் நைலான் கொசுவலை இரண்டு மடிப்பு தைத்தது இன்றுவரை இருக்கிறது.

அடுத்த பையை ஜப்பானிலேயே பழைய சாமான் கடையில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. நல்ல பைகள் பாதி விலைக்கும் கீழே தொங்கும். விலைச் சீட்டில் ‘கசுயி புன்காய்’ என்றோ ‘பெதத்சுகி’ என்றோ எழுதியிருக்கிறதா என்று மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பாருங்கள். முதலாவது மேலே சொன்ன சிதைவு, இரண்டாவது பிசுபிசுப்பு. சீட்டில் இல்லாவிட்டாலும் அடிவரை கையை விட்டுத் தடவி, மூக்கை உள்ளே நுழைத்து ஒருமுறை முகர்ந்துவிட்டுக் காசை எடுங்கள்.