கோத்தகிரி கால்பந்து முகாமுக்கு எடுத்த குழு விபத்து பாலிசி: 5க்கு 3.5

கோத்தகிரியில் ஒவ்வொரு கோடையிலும் பத்து நாள் கால்பந்து முகாம் நடத்துகிறோம். எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரை இந்த வருடம் 52 பிள்ளைகள். குன்னூரில் ஒரு ஏஜென்ட் அக்கா மூலமாக எடுத்த குழு தனிநபர் விபத்து பாலிசியை (எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாலிசி, காப்பீட்டுத் தொகை ஆளுக்குத் தனித்தனி) பற்றித்தான் இந்த விமர்சனம். நல்லதும் கெட்டதும் இரண்டும் இருப்பதால் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன வருடம் வேறொரு கம்பெனியில் எடுத்திருந்தேன். ஆளுக்கு 2 லட்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதைப் பார்த்தே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அரவேணு பையன் ஒருவன் பந்தைத் தடுக்கப் பாய்ந்து, கையை ஊன்றி விழுந்தான். டாக்டர் எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், மணிக்கட்டுக்கு மேலே தலைமுடி மாதிரி ஒரு கோடு. மாவுக்கட்டு, ஃபீஸ், டாக்ஸி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆனது. கிளெய்மில் ஒரு பைசா வரவில்லை. ஏனென்றால் அந்த 2 லட்சம் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், மருத்துவச் செலவு அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு துணைப் பிரிவு, முதல் இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டால்தான் அதில் இத்தனை சதவீதம் என்று கொடுப்பார்களாம். ஆறு வாரத்தில் கூடிவிடும் எலும்பு நிரந்தர ஊனம் ஆகாது இல்லையா, அதனால் செலவும் கிடையாது. அவன் அப்பா எஸ்டேட்டில் வேலை செய்பவர். “பரவாயில்லை கோச் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார், எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பணத்தை நாங்களே கட்டினோம்.

பிள்ளைகள் முகாமில் கை உடைகிறது, கால் சுளுக்குகிறது, பல் போகிறது. அதனால் இந்த முறை அக்காவிடம் முதலில் கேட்டதே மருத்துவச் செலவு தனியாக நிற்கிறதா என்பதைத்தான். இந்தப் பாலிசியில் நிற்கிறது. 1 லட்சம் காப்பீடு, விபத்து மருத்துவச் செலவு 20,000 வரை தனியாக. ஆளுக்கு 140 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., மொத்தம் 8,590 ரூபாய் கட்டினோம். ஒரு பிள்ளைக்கு ஷின் கார்டு வாங்கும் காசு கூட ஆகவில்லை.

சோதனையும் வந்தது. ஐந்தாம் நாள் மதியம் மஞ்சு இறங்கிப் புல் நனைந்திருந்த நேரத்தில் ஒரு பெண் பிள்ளை வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. கோயம்புத்தூர் கொண்டு போய் இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தாள், பில் 38,400. காசில்லா வசதி இல்லை, நாம் கட்டிவிட்டு அப்புறம் வாங்க வேண்டும். 20,000 முழுசாக வந்தது, ஆனால் 41 நாள் ஆனது. அதில் பாதி நாள் வருகைப் பதிவேட்டுக்காகப் போனது. அந்தப் பிள்ளை இரண்டாம் நாள்தான் சேர்ந்தாள், பெயர் முதல் பட்டியலில் இல்லை. நல்லவேளை அவள் சேர்ந்த அன்று காலையிலேயே அக்காவுக்குப் பெயரை அனுப்பி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் பெயரைச் சேர்த்ததற்கான கடிதம்) வாங்கி வைத்திருந்தேன். தாமதமாகச் சேரும் பிள்ளையை மைதானத்தில் இறக்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

கழித்த ஒன்றரை மதிப்பெண் எதற்கென்றால், 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் மருத்துவச் செலவு உண்டு. மாவுக்கட்டுப் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பினால் இதிலும் கிடையாது, அரவேணு பையன் இந்த வருடம் விழுந்திருந்தாலும் இதே கதைதான். புறநோயாளி எலும்பு முறிவுக்குப் பாலிசியோடு சேர்த்து வாங்கும் தனிப் பிரிவு இருக்கிறதாம், அதை அக்கா நாமாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். சாகச விளையாட்டு விலக்கும் இருக்கிறது, அதாவது அதில் அடிபட்டால் பணம் கிடையாது. ரங்கசாமி மலை ஏற்றம் அந்த விலக்கில் வருமா என்று எழுத்தில் கேட்டேன், வரும், அதற்குக் காப்பீடு இல்லை என்று பதில் வந்தது, அதனால் இந்த வருடம் அந்த ஏற்றத்தை விட்டுவிட்டோம். பிள்ளைகளுக்கு வருத்தம்தான்.

இன்னொன்று, இந்தப் பாலிசி அடிபட்ட பிள்ளைக்குத்தான். வேடிக்கை பார்த்த பெரியவர் மேல் கோல் போஸ்ட் சாய்ந்து அவர் நம் மேல் வழக்குப் போட்டால் இது வராது, அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு வேறு. கோல் போஸ்டின் பின் சட்டத்தில் பக்கத்துக்கு இரண்டு மணல் மூட்டை கட்டி, தினமும் காலையில் நானே ஆட்டிப் பார்க்கிறேன். பெற்றோரிடம் வாங்கும் சம்மதக் கடிதம் நம் கவனக்குறைவை மறைக்காது, பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் கையெழுத்துக்கோ 1872 ஒப்பந்தச் சட்டப்படி மதிப்பே கிடையாது. வண்டி விஷயமும் அப்படித்தான். கட்டபெட்டுப் பிள்ளைகளை வெள்ளை போர்டு ஜீப்பில் காசு வாங்கி ஏற்றி வந்தால், வளைவில் ஏதாவது ஆனால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். இப்போது மஞ்சள் போர்டு வேன் மட்டும்தான், ஒரு ட்ரிப்புக்கு 300 ரூபாய் கூடுதல்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், கட்டணம் இல்லை, குழு பாலிசிக்கும் பொருந்தும்.

அடுத்த வருடமும் இதையேதான் எடுக்கப் போகிறேன், புறநோயாளி எலும்பு முறிவுப் பிரிவையும் சேர்த்து. அதற்கு எவ்வளவு ஆகும் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.